படி தாண்டிய நாள்

அவள் பிள்ளையின் சாக்ஸைக் கழற்றினாள்.

கழற்றக் கூடாது என்று தெரியும். நேற்று மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார். முழங்காலுக்குக் கீழே பிள்ளைக்கு உணர்ச்சி கிடையாது. கல் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. அது அழாது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சாக்ஸைக் கழட்டிராத, என்ன?" என்று அவள் புருஷன் வேலுச்சாமியும் வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஆனால் கொலுசு பதினான்கு மாதமாக டப்பாவிலேயே கிடந்தது.

தாய்மாமன் சீர். அவள் தம்பி அதை ஆசையாக எடுத்து வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் முல்லை குப்புறப் படுத்திருந்தாள். முதுகுத்தண்டு மூடாமலே பிறந்த பிள்ளை. திறந்திருந்த இடத்தை இரண்டாம் நாளே தைத்திருந்தார்கள். அப்புறம் தலையில் நீர் கோத்தது. உள்ளே குழாய் வைத்தார்கள். எட்டாம் மாதம் குழாய் அடைத்துக்கொண்டது. மறுபடியும் தியேட்டர். அது முடிந்து கால்களை நேராக்க மாவுக்கட்டு, வாரம் ஒன்றாக.

நடுவில் பல் முளைத்தது. ஒரு நாள் உட்கார்ந்தாள்.

எல்லாவற்றுக்கும் பெற்றவள் ஒரே முகத்தைத்தான் வைத்திருந்தாள். முதல் ஆபரேஷனுக்கு அழுததோடு சரி. அதன்பிறகு நல்ல சேதிக்கும் "சரிங்க டாக்டர்", கெட்ட சேதிக்கும் "சரிங்க டாக்டர்". கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது அவள் காதுக்கும் வந்தது. அதற்கும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

காலையில் எழுந்ததும் இஞ்ச் டேப்பால் பிள்ளையின் தலையைச் சுற்றி அளப்பாள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்னக் குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பாள். மாவுக்கட்டு இல்லாத நாளில் உள்ளங்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் யாருக்கும் தெரியாமல் ஒரு கிள்ளு கிள்ளுவாள்.

முல்லை அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

இன்றைக்கும் கிள்ளினாள். இன்றைக்கும் முல்லை சிரித்தாள்.

கொலுசை மாட்டித் திருகை இறுக்கினாள். ஒல்லிக் காலில் அது தொளதொளவென்று தொங்கியது. இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது. ஒரு போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டு உடனே கழற்றிவிடலாம்.

அடுப்பில் பால் பொங்கியது. பிள்ளையைக் கூடத்துப் பாயில் விட்டுவிட்டு ஓடினாள்.

பாலை இறக்கினாள். வழிந்ததைத் துடைத்தாள். துணியை அலசிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது.

கொலுசுச் சத்தம்.

ஜல் ஜல் இல்லை. சரக், சரக் என்று தரையில் இழுபடும் சத்தம்.

அசையாத காலில் எப்படி?

திரும்பினாள்.

முல்லை அடுக்களைப் படியின் மேல் கிடந்தாள். நெஞ்சு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். இரண்டு முழங்கையையும் ஊன்றி, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் உந்து உந்தினாள். இன்னோர் உந்து. கால்கள் ஈரத்துணி மாதிரி பின்னாலேயே படியேறி இறங்கின.

தாண்டிவிட்டாள்.

தவழுமா என்று கேட்டபோதெல்லாம் டாக்டர் "பாப்போம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

வாரியெடுக்கக் குனிந்தபோது கோட்டைப் பார்த்தாள். கூடத்துப் பாயிலிருந்து அடுக்களை வரைக்கும் சிமெண்டுத் தரையில் மெல்லிய சிவப்புக் கோடு.

கொலுசின் திருகு கணுக்காலைக் கிழித்திருந்தது. அரை விரல் நீளம். முல்லை அவளைப் பார்த்து ஒரு பல் தெரியச் சிரித்தாள்.

காலைக் கழுவினாள். போட்டோ எடுத்தாள். அது டாக்டருக்குப் போனது. தையல் வேண்டாம், மருந்து வைத்துக் கட்டினால் போதும் என்று பதில் வந்தது. சரிங்க டாக்டர். கட்டின் மேல் சாக்ஸை மாட்டினாள். கொலுசை டப்பாவில் போட்டு மூடினாள். பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டுக் கோட்டைத் துடைத்தாள்.

துணியை அலசிக் கொடியில் போட்டாள்.

பிள்ளை முதல் தடவை படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துப் படியில் வைக்க வேண்டும். அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான். பல் முளைத்ததற்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்ததற்கும் செய்யவில்லை.

இதற்குச் செய்தாள். அரிசி மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்தாள். தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பூரணம் கிளறினாள். பிடித்து, இட்லிப் பானையில் அடுக்கி மூடினாள்.

வெந்துவிட்டதா என்று மூடியைத் தூக்கியபோது ஆவி விரலில் அடித்தது.

"ஆ!"

மூடி விழுந்து உருண்டது. விரலில் கடுகளவு கொப்புளம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலித்தது. நன்றாகவே வலித்தது. விரலைப் பார்த்துப் பார்த்து, பதினான்கு மாதத்துக்கும் சேர்த்து வாய்விட்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு மரகதக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னாச்சு தாயி? பிள்ளைக்கு எதும் ஆயிருச்சா?"

"இல்லக்கா. எனக்குத்தான். கை சுட்டுருச்சு."

"கை சுட்டதுக்கா இந்த அழுகை?"

"வலிக்குதுக்கா."

சாக்ஸ் போட்ட கால்கள் சத்தம் போடவில்லை. முல்லை இரண்டாம் தடவை படி தாண்டி வந்ததை அவள் பார்க்கவில்லை. மடியில் ஒரு கை விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

முல்லை சிரிக்கவில்லை. அம்மாவின் விரலைப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முல்லையின் கீழுதடு மெல்லப் பிதுங்கியது.