மஞ்சள் சுடர்

"மஞ்சளா எரிஞ்சாத்தான் எனக்குப் பொழப்பு. அப்படித்தானே தாயி?"

பேச்சாயி மூன்றாவது முறையாகக் கேட்டாள். முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஆமாம்மா. இந்த மெஷின் தண்ணிய உறிஞ்சித் தீயில தெளிக்கும். உப்புல இருக்குற சோடியம் சூடு பட்டா மஞ்சளா எரியும். எம்புட்டு மஞ்சளோ அம்புட்டு சோடியம். நம்பர் அதுவே காட்டிரும்" என்றாள் மாசுக்கட்டுப்பாட்டு வாரியப் பரிசோதனைக்கூடத்துத் தீபா.

தோல் பதனிடும் டேனரியின் கழிவு கிணற்றில் இறங்கி, பேச்சாயியின் ஒன்றரை ஏக்கர் மல்லிகை கருகிக்கொண்டிருந்தது. டேனரி முதலாளியோ, கிணற்றில் உப்பே இல்லை, பேச்சாயி புளுகுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சோடியம் லிட்டருக்கு இருநூறு மில்லிகிராமைத் தாண்டினால் டேனரிக்குப் பூட்டு. தாண்டாவிட்டால் புகார் குப்பைக்குப் போகும், தோட்டமும் கூடவே போகும்.

தீபா முதலில் சுத்த நீரை விட்டாள். சுடர் நீலமாக நின்றது. எண் பூஜ்ஜியம்.

"இனி நீங்க கொண்டாந்த தண்ணி."

மெல்லிய குழாய் பாட்டிலுக்குள் இறங்கியது.

நீலச் சுடர் குபீரென்று மஞ்சளானது. எண் மெஷின் அளக்கக்கூடிய எல்லையையே தாண்டி எகிறியது. தீபா சுத்த நீர் கலந்து மறுபடி அளந்து, கணக்குப் போட்டாள். மூவாயிரத்து நூறு.

"ஆத்தாடி, செயிச்சுட்டேன்" என்ற பேச்சாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

தீபா சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாள்.

"அது என்ன தாயி?"

"காலையில நீங்க பஸ் ஏறுன பொறவு, எங்க ஆபீஸ் ஆளு உங்க கிணத்துல மொண்டது. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் புகார ஏத்துக்குவாங்க."

பேச்சாயி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "செத்த பொறு தாயி" என்றாள். அதற்குள் குழாய் இறங்கிவிட்டது.

சுடர் மறுபடி மஞ்சளானது. அறுநூற்று நாற்பது.

"டேனரிய மூட இதுவே போதும்மா. மூணு மடங்கு இருக்கு." தீபாவின் குரல் தாழ்ந்தது. "ஆனா ரெண்டு பாட்டிலும் ஒத்துப்போகலையே. உங்க புகாரத் தள்ளிருவாங்க."

பேச்சாயியின் பிடி தளர்ந்தது. முந்தானை முடிச்சு அவிழ்ந்து, பாட்டிலில் போட்டதுபோக மிச்சமிருந்த கல்லுப்பு தரையில் சிதறியது.