மொட்டை மெயில்

"எவன் இத அனுப்புனான்னு கண்டுபிடிச்சுச் சொல்லு லே சுஹைல். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

முகம்மது சுல்தான் போட்ட சத்தத்தில் மேலப்பாளையத்து அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது. சவூதியில் தம்மாமில் பல வருஷம் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு வந்த அமைதியான மனிதர் அவர். இப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். அவர் மகள் அர்வாவை, பிறந்த அன்றைக்கே அக்கா மஹ்மூதா பீவியின் மகன் முஆதுக்கென்று பேசி வைத்தாயிற்று. உம்மா மவுத்தான பிறகு சுல்தானைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. அவள் சொல்லுக்கு அவர் மறுசொல் சொன்னதே கிடையாது. அடுத்த மாதம் நிக்காஹ். இந்த நேரம் பார்த்து அக்காவின் மெயிலுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது. 'அர்வாவுக்கு இதில் இஷ்டமில்லை. பயந்துதான் தலையாட்டுகிறாள். அவளைப் படிக்க விடுங்கள்.'

அக்கா பத்தமடையிலிருந்து உடனே பஸ் ஏறி வந்துவிட்டாள். அல்லாஹ் மேல ஆணையாக நான் அனுப்பவில்லை என்று அர்வா அழுதாள். இஷ்டமா இல்லையா என்று கேட்டதும் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுஹைல், அக்காவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இது புனைபெயர் சர்வர் வழியாக வந்திருக்கிறதாம். அனுப்பியவர் பெயர், விலாசம் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு வேறொரு பெயரை ஒட்டி அனுப்புமாம். நாம் பதில் போட்டால், பூட்டிய பெட்டி மாதிரி கைமாறிக் கைமாறி உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த ஆள் யாரென்று சர்வர் நடத்துகிறவனுக்கே தெரியாதாம்.

"நெசமாவே கண்டுபிடிக்க முடியாதா?" சுல்தான் விடவில்லை.

"முடியவே முடியாது மாமா."

மஹ்மூதா பீவி அர்வாவைப் பக்கத்தில் இழுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"மனசில்லாத புள்ளயக் கெட்டிவச்சு என்ன செய்ய? இந்தப் பேச்ச இதோட விட்டுருவோம் தம்பி. அர்வா, நீ காலேஜுக்குப் போ மக்கா."

கொடுத்த வாக்கு என்னாவது என்று சுல்தான் முறுக்கிக்கொண்டார். அக்கா முடிவாகச் சொன்ன பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அர்வாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமியைக் கட்டிக்கொண்டு அதற்கும் ஒரு பாட்டம் அழுதாள்.

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு, டீக்கடை ஓரமாக நின்று, நெஞ்சு லேசாகி ஒரு டீ சொன்னார் சுல்தான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு, அவருடைய மொட்டைக் கடுதாசிக்குப் பதில் வந்திருந்தது:

'நீ யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும். எம் மவனுக்கும் இதுல இஷ்டமில்ல. எந் தம்பிகிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம தவிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.'