கையில் எழுந்த தடிப்பு

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் ஜன்னல் கண்ணாடியை மூடுபனி அடைத்து நிற்கிறது. செடியின் கிளை நறுக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டிய காலோடு கட்டிலில் கிடக்கிறான் வெள்ளையன். காயத்தின் வழியே வந்த ஏற்புவலியில், டெட்டனஸில், தாடை இறுகிவிட்டது. மனைவி அழகாயி ஊட்டும் தேத்தண்ணி பல்லிடுக்கில் நுழையாமல் கழுத்தில் வழிகிறது. மருந்து ஒன்றுதான், குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். முன்பொரு காயத்துக்கும் அதைத்தான் போட்டார்கள்; அன்றிலிருந்து அவன் ரத்தம் அதைப் பகையாக நினைவில் வைத்திருக்கிறது. டாக்டரையா சோதனைக்காகக் குத்திய ஒரு சொட்டைச் சுற்றி முன்கை சிவந்து தடிக்கிறது. முழு ஊசியையும் போட்டால் மூச்சு நின்றுவிடும், போடாவிட்டாலும் நின்றுவிடும்.

அழகாயியின் முகம் மலர்கிறது. “அம்மை குத்துனப்பவும் இப்புடித்தானுங்க வீங்குச்சு. மருந்து புடிச்சிருச்சு, மிச்சத்தையும் போட்டுருங்கய்யா.”

டாக்டரையாவின் கையில் சிரிஞ்சு அப்படியே நிற்கிறது. பேச முடியாத வெள்ளையன் தன் கையை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறான்.