வெல்வெட் கோட்டு

"பேண்டு வாத்தியம் வந்துடுச்சு மாமே! டிரம்மு எங்க?"

ஆயுதபூஜை அன்று தசரதன் சிவப்பு வெல்வெட் கோட்டில் கம்பெனி வாசலில் நுழைந்ததும் தங்கவேல் இப்படித்தான் கத்தினான். லேத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த செங்கல்வராயனும் கோவிந்தராஜும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூப்பர்வைசர் பாஸ்கரன்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் தங்கவேல் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் பழைய ஆட்கள்.

கோட்டும் லேசுப்பட்ட கோட்டு இல்லை. தோள் இரண்டும் ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். காலர் பளபளவென்று கறுப்பு சாட்டின். ஏதோ பத்திரிகையில் பாரிஸ் ஃபேஷன் ஷோ படம் வந்ததாம். அதைக் கிழித்துக்கொண்டு போய்த் தையல்காரரிடம் காட்டித் தைத்ததாம். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அதுதானாம்.

"பாரிஸ்காரன் போட்டுக்கினு நடந்தா ஃபேஷனு, நான் போட்டா பேண்டு வாத்தியமா?" என்று தசரதனும் சேர்ந்து சிரித்தார்.

அதன்பிறகு மூன்று மாதம், டீயோடு கடித்துக்கொள்ளத் தங்கவேலுக்கு அந்தக் கோட்டுதான்.

தை பிறந்தது. தங்கவேலுக்குக் கல்யாணம். பூந்தமல்லியில் ரிசப்ஷன். மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று பெண் வீட்டில் ஒரே பிடிவாதம்.

தைக்கக் கொடுத்த கடைக்காரரோ, ரிசப்ஷனுக்கு முதல் நாள், ஊரில் துக்கம் என்று கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். வெறும் சட்டையோடு மேடையில் நின்றால் பெண் வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

அன்று சாயங்காலம் நூம்பலில், தசரதன் வீட்டு வாசலில் தங்கவேல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணாத்தே... தப்பா எடுத்துக்காதீங்க... அந்தக் கோட்டு..."

"உள்ள வா நைனா."

அவ்வளவுதான். ஒரு குத்தல் பேச்சு இல்லை.

தசரதனின் மனைவி தாட்சாயிணி கோட்டை அவனுக்கு மாட்டி, முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கழற்றச் சொல்லி, உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, ஊசியில் ஆரஞ்சு நூலைக் கோத்தாள்.

உள்ளே எங்கு பார்த்தாலும் பிரித்துத் தைத்த கோடுகள். நீலம், பச்சை, மஞ்சள் என்று கலர் கலராக நூல்.

'மனுஷன் எத்தினி வாட்டி பெருத்து எத்தினி வாட்டி இளைச்சாரோ!' அந்த நேரத்திலும் தங்கவேலுக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனியில் சொல்லிச் சிரிக்க முடியாதே என்றுதான் வருத்தம்.

"நம்ம பசங்க பார்த்தா கண்டுபிடிச்சிடுவாங்களே அண்ணாத்தே?"

"கோட்டு என்னுதுன்னு நான் சொன்னாதானே நைனா?"

மறுநாள் மேடையில், பக்கத்தில் பத்மா பட்டுப்புடவையில் நிற்க, கம்பெனி ஆட்கள் வரிசையில் வருவதைத் தங்கவேல் பார்த்தான். கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. மூன்று மாதம் அவன் அடித்த ஜோக்கெல்லாம் இப்போது அவன் தலையிலேயே விழப்போகிறது. அதுவும் பெண் வீட்டார் முன்னால்.

முதலில் வந்தவர் தசரதன். வெள்ளைச் சட்டை, வேட்டி.

"கோட்டு ஷோக்கா கீது நைனா! எங்க தெச்சே?" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார். மாமனார் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

தங்கவேலுக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்து செங்கல்வராயன். கோட்டை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தான். கை கொடுக்கிற சாக்கில் காதருகே குனிந்தான்.

"என் ரிசப்ஷன்லயும் இதையேதான் கேட்டாரு மாமே."

தங்கவேல் திருதிருவென்று விழித்தான்.

"நீல நூலு என்னுது. பச்சை கோவிந்தராஜுது. மஞ்சள் நம்ம சூப்பர்வைசரோடது. உனுக்கு இன்னா கலரு போட்டாங்க?"