ஹில்டா ஓடமாட்டா

"மெதுவா விடுங்க பேணாட் அண்ணன்! கிட்டப் போனா ஆள் கண்டிரும்!"

ஓட்டோவின் பின்சீற்றிலிருந்து முன்னால் குனிந்து சொன்னாள் சுஹைரா. நாற்பது மீற்றர் தூரத்தில், நீலக்கோடு போட்ட சட்டையோடு இக்ராம் நடந்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபதை நெருங்குகிறவரின் நடையா அது? அத்தனை வேகம்.

"ஹில்டா எண்டா இப்ப என்ன செய்வா?" பக்கத்திலிருந்த றோஸின் கண்கள் பளபளத்தன.

"ஓடமாட்டா. எங்கயாவது நிண்டு தேத்தண்ணி குடிப்பா. ஆள் தானா வந்து மாட்டும்."

ஹில்டா, இங்கிலாந்துத் துப்பறியும் நாவல்களில் வரும் பொலிஸ்காரி. பருத்த உடம்பு, முழங்கால் வலி, பொத்தான் மாறிப் பூட்டிய கம்பளிச் சட்டை. யாரும் அவளை இரண்டாம் தரம் பார்ப்பதில்லை. அதுதான் அவளுடைய பலம். றோஸின் தங்கை லண்டனிலிருந்து அனுப்பும் அந்தப் புத்தகங்களில் ஒன்பதை இருவரும் மாறி மாறிப் படித்து முடித்துவிட்டார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் சுஹைரா கிளார்க், றோஸ் நூலகத்துக்குப் பொறுப்பு. இடைவேளை முழுக்க ஹில்டா கதைதான். பத்தாவது புத்தகம் திங்கட்கிழமை வந்தது. சுஹைரா அதைத் திறக்கவேயில்லை. அவளுக்குச் சொந்தமாகவே ஒரு கேஸ் கிடைத்துவிட்டது.

இந்த மனுசனை நம்பலாமா, கூடாதா? வெள்ளிக்கிழமை அவளுடைய மூத்த சகோதரர் நானா மூதூரிலிருந்து வருவார். அவருக்கு ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

"நிண்டிட்டார்!" றோஸ் அவளுடைய கையைக் கிள்ளினாள்.

இக்ராம் ஒரு புடவைக்கடைக்குள் நுழைந்தார். கண்ணாடிக்கு அப்பால் பூப்போட்ட பருத்திக் கவுன் ஒன்றை விரித்துப் பிடித்தார், தலையாட்டினார், வாங்கினார்.

"பொம்பிளையளின்ர கவுன்! அளவுகூடக் கேட்டமாதிரித் தெரியேல்ல, பாத்தியா? ஆருக்கெண்டு நல்லாத் தெரிஞ்சுதான் எடுக்கிறார்" என்றாள் றோஸ்.

அடுத்த கடையில் ஒரு போத்தல் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர். சந்தையில் அரைக் கிலோ முரல் மீன். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். சுஹைரா முக்காட்டை நெற்றிவரை இழுத்து, ஓட்டோவுக்கு வெளியே குடையை விரித்தாள். ஐம்பதைத் தொடும் இரண்டு பெண்கள், ஒரு பழைய குடை. அவருடைய பார்வை நிற்காமல் கடந்து போயிற்று. அவர் இன்னோர் ஓட்டோவைக் கைதட்டி நிறுத்தி ஏறினார்.

"விடுறனோ பாருங்கோ!" பேணாட்டுக்கும் உசார் ஏறிவிட்டது. நரைத்த தலையைச் சிலுப்பிக்கொண்டு கைப்பிடியை முறுக்கினார். உட்துறைமுகத்துத் தண்ணீர் ஒரு பக்கம் பளிச்சென்று வந்து மறைந்தது. லிங்கநகர்ப் பக்கம் திரும்பும்போது அவர் கண்ணாடி வழியாகச் சுஹைராவைப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. அது உங்கட அவரோ?"

சுஹைரா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினாள்.

"அண்ணன், நீங்கள் ரோட்டைப் பாருங்கோ" என்றாள் றோஸ்.

பச்சைக் கேற் போட்ட ஒரு வீட்டின் முன் இக்ராம் இறங்கினார். கதவைத் திறந்தது இளம் பெண் ஒருத்தி. சிரித்தபடி மீன் பையை வாங்கினாள். அவர் சொந்த வீட்டுக்குப் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"பிடிச்சிட்டம்!" றோஸ் குதித்தாள். "கள்ளன்! வா, போய்க் கதவைத் தட்டுவம்."

சுஹைரா றோஸை இழுத்துப் பிடித்தாள். "எட்டாம் புத்தகத்தில, நூறாம் பக்கத்திலயே டொக்டர்தான் கொலைகாரன் எண்டாய். கடைசியில என்ன நடந்த?"

"டொக்டர் இல்லத்தான்" என்று இழுத்தாள் றோஸ்.

எதிரே ஒரு சின்னக் கடை. மூவரும் போய்ச் சோடா கேட்டார்கள். கடைக்காரி பஹ்மியா கதைக்க ஆள் கிடைத்த சந்தோசத்தில் இருந்தாள்.

"அந்தப் பச்சைக் கேற் வீடு வாடகைக்கு வருமோ?" என்று தொடங்கினாள் சுஹைரா. குரல் பிசகவில்லை.

"அதெங்க வாடகைக்கு! அது கதீஜா மாமிட வீடு. பாரிசவாதம் வந்து படுத்த படுக்கை. இப்ப போனாரே, அவட மருமகன்தான். ஒரு நாளும் தவறமாட்டார். அவர் ஊட்டினாத்தான் மனுசி வாய் திறக்கும். பாத்துக்கொள்ள ஒரு பிள்ளையச் சம்பளத்துக்கு வெச்சிரிக்கார். உடுப்பும் அவர்தான், மருந்தும் அவர்தான். ஆருக்கும் சொல்லித் திரியிறதுமில்ல."

பேணாட் சுஹைராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த மனுசியின்ர மகள்? தாயைப் பாக்கிறேல்லையோ?"

"அவ மவுத்தாகி அஞ்சு வருசம். பொஞ்சாதி போன பிறகும் மாமிய விடாத மனுசன். இந்தக் காலத்தில எங்க இரிக்கி?"

பேணாட்டின் கையில் சோடாப் போத்தல் பாதியில் நின்றது. "அவரின்ர பெண்சாதி செத்திட்டாவெண்டா... அப்ப நீங்கள் ஆர் தங்கச்சி?"

முகமெல்லாம் சிவக்க, சுஹைரா கைப்பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள்.

"நானா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டிரிக்க வேணாம். பொண்ணு கேட்டுவிட்ட அந்த இக்ராமுக்கு இப்பவே சொல்லிருங்க, எனக்குச் சம்மதமெண்டு."