மாதாவுக்குத் திருஷ்டி

சுற்றுலா போன வெளிநாட்டு ஊரில், விடுதி வாசலுக்கே வந்து நின்றது மாதாவின் சப்பரம். வடிவுக்கு மனசு தாங்கவில்லை. “எம்புட்டு அழகு! ஊர்க்கண்ணு பூராவும் இவ மேலதான்” என்று எட்டாத கன்னத்தைக் காற்றிலேயே வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சடசடத்தன. சப்பரத்தோடு வந்த வாத்தியம் நின்றுவிட்டது.

“ஏட்டி, அடி வாங்கித் தரப்போறியா?” என்று கணவர் பிச்சையா முந்தானையை இழுத்தார்.

தூக்கி வந்தவர்களோ சிரித்தபடி சப்பரத்தை அவள் உயரத்துக்குத் தாழ்த்தினார்கள். விடுதிக்கு எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து தானும் மாதாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை அழுத்தினாள். ஒரு சொடக்கும் விழவில்லை.

“நல்லா அமுக்கு, தாயி” என்று செய்து காட்டினாள் வடிவு.

கண்ணை மூடிக்கொண்டு எதிர்வீட்டுக்காரி அமுக்கினாள். தெருக்கோடி மாதா கோயிலுக்கு மேலே திருவிழா வாணம் அத்தனையும் ஒருசேர வெடித்தது. அவள் கண் திறந்து தன் விரல்களைத்தான் பார்த்தாள்.