கிணற்றடி ஓரம்

"வேலை முடிஞ்சா உடைச்சுப் போடற கட்டை. அதுக்கு இம்மாம் பெருசு இன்னாத்துக்கு மேடம்?"

மேஸ்திரி கலியமூர்த்தி சலித்துக்கொண்டார். அண்ணனூரில் புது ஃபிளாட்டுக்கு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மண் சரியாமல் இருக்கப் பலகை அடித்து, சாய்வாக முட்டுக் கழிகள் கொடுத்தாயிற்று. கழிகளின் அடி நழுவாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்த கான்கிரீட் கட்டைகள்.

"அந்த வீட்ல அடுத்த வாரம் கல்யாணம். ஆளுங்க கனம் மண்ணைத் தள்ளும், மண்ணு பலகையைத் தள்ளும். கட்டை நகர்ந்தா அந்த ஓரமே குழிக்குள்ள வந்துடும்" என்றாள் இன்ஜினீயர் வனஜா.

"இந்தாண்ட யாரு வரப் போறாங்க?"

"சமையல் கிணத்தடியிலதான் நடக்கும். அண்டா, விறகு எல்லாம் இந்த ஓரம்தான்."

"பார்த்த மாதிரி சொல்றீங்க."

"டேப்பைப் புடிங்க."

கலியமூர்த்திக்கு வாய் சும்மா இருக்காது. "அந்த வீட்டு பக்தவத்சலம் சாருக்கு மூத்த பொண்ணு இஷ்டப்பட்டவனைக் கட்டிகினு பூட்ச்சாம். சின்னது கல்யாணத்துல ஒரு குறை வந்துடக் கூடாதுன்னு மனுசன் தவியா தவிச்சிகினு கீறாரு. எஸ்.டி.டி. பூத்துக்காரனுக்குக்கூட பத்திரிகை வெச்சாரு. நமக்குத்தான் இல்ல."

வனஜா குனிந்து டேப்பின் நுனியைக் கட்டையோரம் வைத்தாள்.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பக்தவத்சலமே வந்து நின்றார். நேற்றைவிட ஆழமாகியிருந்த பள்ளத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிப் போனது. வனஜா எதிரிலேயே இருந்தாலும் அவர் மேஸ்திரியிடம்தான் பேசினார். தினமும் அப்படித்தான். பொம்பளை இன்ஜினீயர் என்றால் இளக்காரம் போலிருக்கிறது என்று கலியமூர்த்திக்கு எரிச்சலாக வந்தது.

"சின்னவ கல்யாணம்ப்பா. இந்த ஓரம் தாங்குமா? கேட்டுச் சொல்லு."

"எதிர்லதானே கீறாங்க, நீங்களே கேளுங்க சார்."

அவர் பள்ளத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாங்கும்னு சொல்லுங்க. அதுக்காகத்தான் கட்டையைப் பெருசாக்கியிருக்கேன்" என்றாள் வனஜா.

கிளம்பிய பக்தவத்சலம் நின்றார். வெயிலில் குனிந்து அளந்துகொண்டிருந்தவளை அன்றுதான் நேராகப் பார்த்தார்.

"சாப்பிட்டாளான்னு கேளு."

ஒரு இன்ஜினீயரம்மாவை இப்படி மரியாதை இல்லாமல் பேசுகிறாரே என்று கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் வனஜா டேப்பைக் கீழே போட்டுவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க மேஸ்திரி."